ப்ரோப் தோல்விப் பாதைக்கு ஒரு பேட்ச்: மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்

பாலா_எம்பெடெட்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் போர்டில் உள்ள ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும்) பிளாக்குக்கான லினக்ஸ் டிரைவரில் ஒரு சிக்கல். பூட் ஆகும்போது முதல் ப்ரோப் (டிரைவர் தன் டிவைஸைத் தயார்செய்யும் படி) தோற்கிறது, ஏனென்றால் வோல்டேஜ் ரெஃபரன்ஸ் தரும் ரெகுலேட்டர் அதற்குள் எழுந்திருக்கவில்லை. கர்னல் சிறிது நேரம் கழித்து மறுபடி ப்ரோப் செய்கிறது, அது வெற்றி. ஆனால் லாகில் ரன்டைம் பிஎம் (வேலை இல்லாதபோது டிவைஸைத் தூங்கவைக்கும் ஏற்பாடு) எனேபிள் சமனாக இல்லை என்று ஒரு புகார் வருகிறது. அதற்குப் பிறகு அந்த பிளாக் தூங்கவே மாட்டேன் என்கிறது, கிளாக் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ப்ரோப் ஃபங்ஷனின் வரிசை இப்படி: டெவ்எம் (டிரைவர் கழலும்போது கர்னலே தானாக விடுவிக்கும் வகை) வழியாக மெமரி, ரெஜிஸ்டர் மேப்பிங், கிளாக்கை வாங்குவது. அடுத்து பிஎம் ரன்டைம் எனேபிள், பிஎம் ரன்டைம் கெட் சிங்க் (பயன்பாட்டு எண்ணிக்கையை ஏற்றி டிவைஸை விழிக்கவைப்பது). பிறகு பதிப்பு ரெஜிஸ்டரைப் படிப்பது, ரெகுலேட்டரை வாங்குவது, டெவ்எம் ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ (இன்டரப்டை வாங்குவது), கடைசியில் ஐஐஓவில் (ஏடிசி, சென்சார்களுக்கான கர்னல் பகுதி) பதிவு. எல்லாம் முடிந்ததும் ஒரு புட் (அந்த எண்ணிக்கையை இறக்குவது).

கெட் சிங்க்குக்குப் பின்னால் எங்கே தோற்றாலும் பழைய புரோகிராம் கோடு நேரே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது. நான் அத்தனையையும் ஒரே லேபிளுக்கு (கோடில் பெயரிட்ட இடம்) தாவும் கோடூ ஆக்கி, அங்கே புட் சிங்க், பிஎம் ரன்டைம் டிசேபிள், கடைசியாக கிளாக் டிசேபிள் அன்ப்ரிப்பேர் என்று மூன்று வரி சேர்த்தேன். அந்தக் கடைசி வரி ஒரு பாதுகாப்புக்கு. மொத்தம் 12 வரி பேட்ச். புகார் நின்றுவிட்டது. அனுப்பலாமா?

ஊசிப்போனவடை

அனுப்புங்க தலைவா. 12 வரிக்கு இவ்வளவு கேள்வியா? ப்ரோப் தோற்றால் அந்த டிவைஸே கிடையாது, அப்புறம் எது லீக் ஆனால் என்ன? வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுற பாதை அது.

வெற்றுச்சுட்டி

வடை, பாலா சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். அந்தப் பாதை வருஷத்துக்கு ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு பூட்டிலும் ஓடுகிறது. ரெகுலேட்டரோ ஜிபிஐஓவோ தயாராக இல்லையென்றால் ஈப்ரோப்டிஃபர், அதாவது ‘பிறகு முயல்’ என்னும் மைனஸ் 517, திரும்பி வரும். கர்னல் அந்த டிவைஸைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டு, வேறு ஏதாவது டிரைவர் வெற்றிகரமாக ஏறும்போதெல்லாம் மறுபடி முயலும். 2012இல் 3.4 பதிப்பில் இந்த ஏற்பாடு வந்ததிலிருந்தே ஆர்ம் போர்டுகளில் ப்ரோப் தோல்வி என்பது அன்றாட நிகழ்ச்சிதான். ஒரு முறைக்கு ஒரு ரெஃபரன்ஸ் லீக் என்றால் நாலு முறை தள்ளிப்போனால் நாலு லீக்.

மெமரி கிடைக்காத பாதையைப் பற்றிச் சொல்லியிருந்தால் உங்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கும். ஜிஎஃப்பி கர்னல் (கர்னலுக்குள் மெமரி கேட்கும் வழக்கமான முறை) என்று கேட்கும் சின்ன அலொகேஷன்கள், 8 பக்கம் வரை, அதாவது 4 கேபி பக்கமானால் 32 கேபி வரை, நடைமுறையில் தோற்பதே அரிது. அலொகேட்டர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். 2014 கடைசியில் மெமரி பகுதிக்காரர்களும் ஃபைல் சிஸ்டம்காரர்களும் இதை வைத்து நீளமாக வாதாடினார்கள். அலொகேஷன் தோற்றால் ஓட வேண்டிய கோடு நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது ஒரு தடவைகூட ஓடிப் பார்த்ததில்லை. இப்போது திடீரென்று தோற்க விட்டால் என்னென்ன உடையும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அங்கே இருந்த பயம்.

பாலா, பேட்சை நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன். அந்த கிளாக் டிசேபிள் எதற்கு? ப்ரோப்பில் நீங்கள் கிளாக்கை எனேபிள் செய்ததாகவே வரிசையில் இல்லையே?

பாலா_எம்பெடெட்

இல்லை அண்ணா, கிளாக் எனேபிள் ஆவது ரன்டைம் ரெஸ்யூம் கால்பேக்கில். கெட் சிங்க் அதைக் கூப்பிடும். அதனால்தான் தோற்றால் அணைத்துவிடலாம் என்று போட்டேன்.

நளினி_கே

> அதனால்தான் தோற்றால் அணைத்துவிடலாம் என்று போட்டேன்

பாலா, இந்த ஒரு வரி இரண்டு விதத்தில் தப்பாகப் போகும். தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் விதம்: கெட் சிங்க் நன்றாக முடிந்தது, பிறகு ரெகுலேட்டரில் தோற்றீர்கள். லேபிளுக்கு வந்ததும் புட் சிங்க் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குகிறது, சஸ்பெண்ட் கால்பேக் ஓடுகிறது, அது கிளாக்கை அணைக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் வரி இரண்டாம் முறை அணைக்கிறது. காமன் கிளாக் ஃப்ரேம்வொர்க் (கிளாக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கர்னல் பகுதி) இதைச் சும்மா விடாது, ஏற்கெனவே அணைந்த கிளாக் என்று ஸ்டாக் டிரேஸோடு எச்சரிக்கும். உங்களுக்கு அது வராததற்கு ஒரு காரணம் இருக்கலாம்: அதே கிளாக்கை வேறொரு டிரைவரும் பிடித்திருந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போயிருக்காது. அப்படியானால் நிலைமை இன்னும் மோசம், நீங்கள் அணைத்தது அந்த டிரைவரின் பங்கை. அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு பிழை தேடுவார்கள்.

இரண்டாம் விதம்: கெட் சிங்க்கே தோற்றது. ரெஸ்யூம் கால்பேக்கில் கிளாக் எனேபிள் ஆகாததால்தான் பெரும்பாலும் அது தோற்றிருக்கும். ஏறாத கிளாக்கை இறக்குகிறீர்கள்.

ஆக ப்ரோப் ஃபங்ஷனுக்கு அந்த கிளாக் சொந்தமே இல்லை. அது ரன்டைம் பிஎம்மின் சொத்து. எரர் பாதையை ரிவ்யூ செய்யும்போது நான் ஒவ்வொரு கோடூவிலும் நின்று, இந்த இடத்தில் என் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வேன். லேபிளில் அவிழ்ப்பது அந்தப் பட்டியலோடு பொருந்த வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. லேபிளை மட்டும் பார்த்தால் எல்லா பேட்சும் அழகாகத்தான் தெரியும்.

இன்னொன்று. கெட் சிங்க் தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். இது தெரியாமல் எழுதிய டிரைவர்கள் ஏராளம். தெரிந்து சரிசெய்யப் போனவர்களிலும் பலர் புட் நோஐடில் (எண்ணிக்கையை மட்டும் இறக்குவது) போட வேண்டிய இடத்தில் வேறு எதையோ போட்டார்கள். அதனால்தான் 2020இல் 5.10 பதிப்பில் பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட் என்று ஒன்று வந்தது. அது தோற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கிவிடும். டிவைஸ் ஏற்கெனவே விழித்திருந்தால் கெட் சிங்க் 1 என்று திருப்பும், இது பூஜ்ஜியம்தான் திருப்பும். உங்கள் பழைய கோடு பூஜ்ஜியமா இல்லையா என்று பார்க்கிறதா, பூஜ்ஜியத்துக்குக் கீழா என்று பார்க்கிறதா?

பாலா_எம்பெடெட்

பூஜ்ஜியம் இல்லையென்றால் தோல்வி என்றுதான் இருக்கிறது அக்கா. அப்படியானால் 1 வந்தாலும் தோல்வி என்று வெளியேறும்! இதை நான் கவனிக்கவே இல்லை, பழைய கோடில் அப்படியே இருந்தது.

கிளாக் வரியை எடுத்துவிட்டேன். கெட் சிங்க்குக்குப் பதில் ரெஸ்யூம் அண்ட் கெட் போட்டு, தோற்றால் அதே லேபிளுக்கு அனுப்புகிறேன். இது வி2.

வெற்றுச்சுட்டி

அதே லேபிளுக்கா? அங்கே புட் சிங்க் இருக்கிறதே தம்பி. ரெஸ்யூம் அண்ட் கெட் தன் எண்ணிக்கையைத் தானே இறக்கிவிட்டது, நீங்கள் மறுபடி இறக்குகிறீர்கள். புதிய கர்னல்களில் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது என்று எச்சரிக்கை வரும்.

இரண்டு லேபிள் வேண்டும். மேலே இருப்பது புட் செய்துவிட்டுக் கீழே விழட்டும், கீழே இருப்பது ரன்டைம் பிஎம்மை டிசேபிள் மட்டும் செய்யட்டும். ரெஸ்யூம் தோற்றால் கீழ் லேபிளுக்கு, அதற்குப் பிறகு எது தோற்றாலும் மேல் லேபிளுக்கு. அடுக்கிய டம்ளரை மேலிருந்து எடுப்பது மாதிரி, கடைசியாக வாங்கியதை முதலில் விடுங்கள்.

லேபிள் பெயரையும் மாற்றுங்கள். எர்1, எர்2 என்று எண் வைத்தால் நடுவில் ஒரு படி சேரும் அன்றைக்கு எல்லாம் குழம்பும். லேபிள் என்ன செய்கிறதோ அதையே பெயராக வையுங்கள் என்று கர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே சொல்கிறது. எல்லாத் தோல்விக்கும் ஒரே லேபிள் வைப்பதால் வரும் பிழைக்கு அதே ஆவணத்தில் தனி எச்சரிக்கை உண்டு. அங்கே காட்டியிருக்கும் உதாரணத்தில் ஒரு ஸ்ட்ரக்ட்டின் உள்ளே இருக்கும் பாயின்டரை ஃப்ரீ செய்யப் போவார்கள், ஸ்ட்ரக்ட்டே நல் ஆக இருக்கும்.

தறிகெட்டநூல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் பிஎம் எண்ணிக்கையையே பார்க்கிறீர்கள், ஐஆர்க்யூவை யாரும் பார்க்கவில்லை.

ஐஐஓ பதிவு தோற்கிறது என்று வையுங்கள். லேபிளுக்கு வந்து புட் சிங்க், கிளாக் அணைந்துவிட்டது. ஆனால் ஐஆர்க்யூ டெவ்எம்மில் வாங்கியது. ப்ரோப் ஃபங்ஷன் திரும்பிய பிறகுதான் டெவ்ரெஸ் (டெவ்எம்மின் பின்னால் உள்ள ஏற்பாடு) அதை விடுவிக்கும். அதுவரை ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) உயிரோடு இருக்கிறது, கிளாக் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும். கிளாக் இல்லாத பிளாக்கைப் படித்தால் சில எஸ்ஓசி சிப்களில் பஸ் எரர் வரும், சிலவற்றில் சிபியு அங்கேயே உறைந்துவிடும்.

பாலா, அந்த ஐஆர்க்யூ ஷேர்டா?

பாலா_எம்பெடெட்

ஆமாம், பக்கத்து டைமர் பிளாக்கோடு பகிர்வு. ஆனால் அந்த இடைவெளி மைக்ரோசெகண்ட் கணக்குதானே?

தறிகெட்டநூல்

அந்தக் கணக்கு ஷேர்டு ஐஆர்க்யூவுக்குப் பொருந்தாது. டைமருக்கு இன்டரப்ட் வரும்போதெல்லாம் உங்கள் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும்.

கர்னலை டீபக் ஷேர்ட் ஐஆர்க்யூ கான்ஃபிகோடு கட்டிப் பாருங்கள். ஷேர்டு ஐஆர்க்யூவை விடுவிக்கும்போது அது வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை ஒரு முறை கூப்பிடும். விடுவித்த பிறகும் இன்டரப்ட் வரலாம், அதைத் தாங்குகிறாயா என்று சோதிக்கத்தான். உங்கள் வி2 அதில் நிச்சயம் மாட்டும். ரிமூவிலும் இதே கதைதான், டிரைவரைக் கழற்றினாலே போதும்.

ஊசிப்போனவடை

சரி சரி, 12 வரி என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😄

ஆனால் ஒரு கேள்வி. டெவ்எம் வந்ததே இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே? பாதி டெவ்எம், பாதி கோடூ என்று கலந்து கட்டியதுதான் வினை. எல்லாவற்றையும் டெவ்எம் ஆக்கினால் லேபிளே வேண்டாமே.

நளினி_கே

வடை சொல்வதுதான் என் கருத்தும். டெவ்எம் பிஎம் ரன்டைம் எனேபிள் இருக்கிறது. புட்டுக்கு டெவ்எம் ஆட் ஆக்ஷன் ஆர் ரீசெட் (கழலும்போது நம் ஃபங்ஷனை ஓட்டச் சொல்லிப் பதிவது) போடலாம். அந்தப் பதிவே தோற்றால்கூட நாம் கொடுத்த ஃபங்ஷனை அது உடனே ஓட்டிவிடும். டெவ்ரெஸ் எப்போதும் வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிப்பதால், முதலில் ஐஆர்க்யூ போகும், பிறகு புட், பிறகு பிஎம் டிசேபிள். தறிகெட்டநூல் சொன்ன இடைவெளியே இல்லாமல் போகும். ஐஐஓ பதிவையும் டெவ்எம் ஆக்கினால் ரிமூவ் ஃபங்ஷனையே தூக்கிவிடலாம்.

வெற்றுச்சுட்டி

கோடு அழகாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது பிழைத் திருத்தம், ஸ்டேபிள் கர்னல்களுக்கும் (திருத்தங்களை மட்டும் பெறும் பழைய பதிப்புகள்) போக வேண்டியது. டெவ்எம் பிஎம் ரன்டைம் எனேபிள் 2021இல் 5.15இல்தான் வந்தது. 5.10 வைத்திருப்பவர்களுக்கு இந்த பேட்ச் கம்பைல்கூட ஆகாமல் போகலாம், அப்போது யாராவது கையால் திருத்த வேண்டியிருக்கும். எரர் பாதை பேட்சைக் கையால் பின்னோக்கி ஒட்டும்போது என்ன ஆகும் தெரியுமா? புதிய கர்னலில் நாலு லேபிள் இருக்கும், பழையதில் மூன்று இருக்கும். கிட் ஒரு புகாரும் சொல்லாமல் ஒட்டிவிடும், ஆனால் கோடூ தப்பான படிக்குப் போகும்.

அதனால் என் யோசனை: முதலில் ஐஆர்க்யூவை டெவ்எம் இல்லாமல் வாங்கி, லேபிளில் ஃப்ரீ ஐஆர்க்யூ செய்து, பிறகு புட், பிறகு டிசேபிள். இது ஸ்டேபிளுக்கு. அது ஏறிய பிறகு டெவ்எம் மாற்றம் தனி பேட்ச், அதற்கு ஃபிக்சஸ் வரி (எந்த கமிட்டின் பிழையைத் திருத்துகிறோம் என்று சொல்வது) வேண்டாம்.

நளினி_கே

இரண்டு தடவை அதே இடத்தைத் திருத்துவது ரிவ்யூ செய்பவருக்கு இரட்டை வேலை. 5.10க்கு ஆட் ஆக்ஷன் வழியாகவே டிசேபிளையும் போடலாம், அது ரொம்பப் பழையது, எல்லா ஸ்டேபிளிலும் உண்டு. ஒரே பேட்சில் முடியும்.

எப்படியும் மெயின்டெய்னர் (அந்தப் பகுதியின் பொறுப்பாளர்) எதைக் கேட்பார் என்பதைப் பொறுத்தது. ஐஐஓ பக்கம் பொதுவாக டெவ்எம்மை விரும்புவார்கள், கலந்து கட்டினால் நிச்சயம் கேள்வி வரும்.

பாலா_எம்பெடெட்

நன்றி, நளினி அக்கா சொன்னபடி ஆட் ஆக்ஷன் வழியில் எழுதிப் பார்க்கிறேன்.

ரிமூவ் பற்றி ஒரு சந்தேகம். இப்போது ரிமூவின் முதல் வரியே கெட் சிங்க். தோற்றால் எரரைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறது. அது சரியா?

வெற்றுச்சுட்டி

சரியில்லை. பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் இன்ட் திருப்பிய காலத்திலும் கோர் அதை மதித்ததில்லை. ஒரு எச்சரிக்கை அச்சடித்துவிட்டு டிவைஸைக் கழற்றிவிடும். நீங்கள் பாதியில் வெளியேறினால் ஐஐஓ பதிவு அப்படியே நிற்கும், அதன் பின்னால் இருந்த மெமரியை டெவ்ரெஸ் விடுவித்துவிடும். யூஸ் ஆஃப்டர் ஃப்ரீக்கு (விடுவித்த மெமரியைத் தொடும் பிழை) ராஜபாட்டை. இந்தக் குழப்பத்துக்காகவே நூற்றுக்கணக்கான டிரைவர்களை மாற்றி, 6.11இல் ரிமூவை வாய்ட் (எதையும் திருப்பாதது) ஆக்கினார்கள். இறக்கும் வேலையில் தோல்வி என்று ஒன்று கிடையாது, முடிந்ததை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ தோற்றால் பழைய கோடு ஈநோடெவ் (டிவைஸ் இல்லை) என்று தன் சொந்தச் சரக்கைத் திருப்புகிறது. இன்டரப்ட் கண்ட்ரோலர் இன்னும் ஏறவில்லை என்றால் உள்ளிருந்து வருவது மைனஸ் 517. அதை ஈநோடெவ் ஆக்கிவிட்டால் கர்னல் மறுபடி முயலவே முயலாது. வந்த எண்ணை அப்படியே திருப்புங்கள், இதைத் தனி பேட்சாக.

ஊசிப்போனவடை

எந்த மைனஸ் எண் போனால் என்ன, தோல்வி தோல்விதானே என்று நானும் நினைத்திருந்தேன் 🙂

வெற்றுச்சுட்டி

ப்ரோப்பில் அந்த எண் கர்னலுக்குள்ளேயே நின்றுவிடும். யூசர் ஸ்பேஸுக்கு, அதாவது அப்ளிகேஷன்களுக்கு, போகும் எண் என்றால் இன்னும் ஆபத்து. 2012 டிசம்பரில் மீடியா பகுதியில் ஒரு ஐஆக்டில் அழைப்பு (அப்ளிகேஷன் டிரைவரிடம் பேசும் வழி) ஈநோஎன்ட் என்ற எரரைத் திருப்பும்படி மாறியது. பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சாஃப்ட்வேர் பக்கம் உடைந்தது. அந்த அப்ளிகேஷன்தான் தப்பு என்று மெயின்டெய்னர் சொல்ல, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கொதித்து எழுதிய பதில் இன்றும் சுற்றுகிறது. யூசர் ஸ்பேஸை உடைக்கக் கூடாது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த மடலைத்தான். சண்டை தொடங்கியதே ஒரு எரர் கோடில் என்பது பலருக்குத் தெரியாது.

பாலா_எம்பெடெட்

இந்தப் பாதைகளை எல்லாம் டெஸ்ட் செய்வது எப்படி? ரெகுலேட்டர் தோல்வியை மட்டும்தான் என்னால் இயல்பாக வரவழைக்க முடிகிறது.

தறிகெட்டநூல்

ஃபால்ட் இன்ஜெக்ஷன், அதாவது வேண்டுமென்றே தோற்கவைப்பது. கான்ஃபிகில் ஃபெயில்ஸ்லாப் இயக்குங்கள். ப்ராக் அடியில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஃபெயில் என்த் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் ஒரு எண் எழுதினால், அதற்குப் பிறகு அந்த த்ரெட்டில் நடக்கும் அத்தனையாவது அலொகேஷன் தோற்கும். சின்ன ப்ரோகிராம் எழுதி, 1 என்று எழுதிவிட்டு சிஸ்எஃப்எஸ்ஸில் பைண்ட் ஃபைலுக்கு டிவைஸ் பெயரை எழுதுங்கள். ப்ரோப் பொதுவாக அந்த ரைட்டுக்குள்ளேயே ஓடும். அடுத்து 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், எதுவும் தோற்காமல் பைண்ட் ஆகும் வரை. ஐஓஎம்எம்யுஎஃப்டி என்ற கர்னல் பகுதியின் செல்ஃப்டெஸ்டில் இதே முறையைக் கையாள்கிறார்கள், பார்த்து எழுதலாம்.

கேஸனும் கேமெம்லீக்கும் (மெமரிப் பிழை பிடிக்கும் டூல்கள்) சேர்த்தே ஓடட்டும். ஆனால் கேமெம்லீக் மெமரியை மட்டும்தான் பார்க்கும். ரன்டைம் பிஎம் எண்ணிக்கையோ கிளாக் எண்ணிக்கையோ நின்றுபோனால் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் டீபக்எஃப்எஸ்ஸில் கிளாக் சம்மரியை முந்தைய சுற்றோடு ஒப்பிடுங்கள்.

நளினி_கே

கமிட் செய்தியில் இதையெல்லாம் எழுதுங்கள் பாலா. எந்த போர்டில் ஓட்டினீர்கள், எந்தப் படியைத் தோற்கவைத்தீர்கள், முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது. காரணம் இருக்கிறது. 2021இல் மின்னசோட்டா பல்கலைக்கழக விவகாரம் நினைவிருக்கும். சின்னச் சின்னத் திருத்தம் என்ற பெயரில் ஓட்டையுள்ள பேட்சுகளை அனுப்பி, ரிவ்யூவில் பிடிபடுகிறதா என்று ஆய்வு நடத்தினார்கள். ஏப்ரலில் ஸ்டேபிள் கர்னல் மெயின்டெய்னர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அங்கிருந்து வரும் பேட்சுகளை நிறுத்தினார், அங்கிருந்து முன்பு வந்தவற்றை எல்லாம் பலர் உட்கார்ந்து மறுபடி படித்தார்கள். பெரும்பாலானவை நல்லெண்ணத்தில் வந்தவைதான். ஆனால் அவற்றிலும் சில தப்பாக இருந்தன, யாரும் சூது செய்யாமலேயே.

அதற்குப் பிறகு, டூல் காட்டியது திருத்தினேன் என்று ஒற்றை வரியோடு வரும் எரர் பாதை பேட்சை மெயின்டெய்னர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஸ்மாட்ச், காக்சினெல் போன்ற கோடு சோதனை டூல் சுட்டிக்காட்டினால் அதை எழுதுங்கள், கூடவே நீங்களே ஓட்டிப் பார்த்ததையும் எழுதுங்கள்.

ஊசிப்போனவடை

ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்தக் கூத்தே இருக்காதே? ஸ்கோப் முடிந்தால் டிராப் ஆகிவிடும்.

வெற்றுச்சுட்டி

சி மொழியிலேயே கர்னல் 6.5 முதல் கிளீனப் ஹெட்டர் இருக்கிறது, ஸ்கோப் முடிந்தால் தானே விடுவிக்கும். மறந்துபோகும் பிழைகளை இரண்டுமே குறைக்கும். ஆனால் கிளாக் ப்ரோப்புக்குச் சொந்தமா ரன்டைம் பிஎம்முக்குச் சொந்தமா என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பாலாவின் பேட்ச் இன்றைக்கு நகராது.

பாலா_எம்பெடெட்

வி3 தயார். மூன்று பேட்ச்.

ஒன்று: ரெஸ்யூம் அண்ட் கெட், புட், டிசேபிள் இரண்டும் ஆட் ஆக்ஷன் வழியாக, ஐஐஓ பதிவும் டெவ்எம், ரிமூவ் ஃபங்ஷன் நீக்கம். டிரைவரைச் சேர்த்த கமிட்டின் ஐடியில் முதல் 12 எழுத்தோடு ஃபிக்சஸ் வரி, ஸ்டேபிளுக்கு சிசி. இரண்டு: கெட் ஐஆர்க்யூவின் எண்ணை அப்படியே திருப்புவது, அதற்கும் ஃபிக்சஸ் வரி. மூன்று: டெவ் எர் ப்ரோப் போட்டு, ஒத்திவைப்பு நடக்கும்போது லாகில் வரும் வெற்றுக் கூச்சலைக் குறைப்பது. இதற்கு ஃபிக்சஸ் வரி இல்லை.

ஃபெயில் என்த் சுற்று ஓட்டினேன், கிளாக் சம்மரி ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திரும்புகிறது. டீபக் ஷேர்ட் ஐஆர்க்யூவோடு வி2வில் அன்பைண்ட் செய்தபோது போர்டு அப்படியே நின்றது, வி3யில் நிற்கவில்லை.

ப்ரோப் கடைசியில் இருந்த அந்தப் பழைய புட்டை என்ன செய்வது? ஆக்ஷனும் ஒரு புட் செய்யுமே?

நளினி_கே

நல்ல கேள்வி. இப்போதைய வி3யில் கழற்றும்போது இரண்டாவது புட் எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே தள்ளப் பார்க்கும். லாகில் தேடிப் பாருங்கள், வந்திருக்கும். அன்பைண்ட் செய்யும்போது கோர் தானே ஒரு கெட் பிடித்து, டிரைவரின் ரிமூவைக் கூப்பிடும் முன் விட்டுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எளிய வழி: ப்ரோப்புக்குள் பதிப்பு ரெஜிஸ்டரைப் படிக்க மட்டும் கெட் பிடியுங்கள், படித்ததும் அங்கேயே புட், தோற்றாலும் வென்றாலும். ஆக்ஷனில் பிஎம் டிசேபிள் மட்டும் போதும். அப்போது ஐஆர்க்யூ வாங்கும் நேரத்திலேயே டிவைஸ் தூங்கிக்கொண்டிருக்கும், ஆகவே ஹேண்ட்லரின் முதல் வேலை பிஎம் ரன்டைம் கெட் இஃப் ஆக்டிவ் பார்ப்பது, விழித்திருக்கவில்லை என்றால் ஐஆர்க்யூ நன் (இந்த இன்டரப்ட் எனதல்ல) திருப்புவது. ஷேர்டு ஐஆர்க்யூவுக்கு அது எப்படியும் தேவை, டிவைஸ் சாதாரணமாகத் தூங்கும்போதும் டைமர் இன்டரப்ட் வரத்தான் செய்யும்.

தறிகெட்டநூல்

கெட் இஃப் ஆக்டிவ்வின் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை நடுவில் மாறியது, பழைய கர்னல்களில் இரண்டு, புதியவற்றில் ஒன்று. ஸ்டேபிளுக்குப் போகிற பேட்சில் அதற்குப் பதில் கெட் இஃப் இன் யூஸ் போதுமா என்று பாருங்கள். ஏடிசி கன்வெர்ஷன் நடக்கும்போது டிரைவர் எப்படியும் ஒரு கெட் பிடித்திருக்கும் அல்லவா? அப்படியானால் அதுவே போதும். திரும்புவது பூஜ்ஜியமோ மைனஸோ என்றால் ரெஜிஸ்டரைத் தொடாதீர்கள்.

பாலா_எம்பெடெட்

ஆமாம், கன்வெர்ஷன் முழுக்க கெட் பிடித்தே இருக்கிறது. நீங்கள் சொன்ன எச்சரிக்கையும் லாகில் இருக்கிறது அக்கா. ஹேண்ட்லர் மாற்றத்தைத் தனி பேட்சாக வரிசையில் முதலாவதாக வைக்கிறேன், நடுவில் எந்த கமிட்டில் நிறுத்தி பைசெக்ட் (பிழை வந்த கமிட்டைத் தேடுவது) செய்தாலும் போர்டு உறையாமல் இருக்கும். வி4 இன்று இரவு ஓட்டிவிட்டு நாளைக்கு லிஸ்ட்டுக்கு அனுப்புகிறேன்.